வெள்ளிக்கிழமைத் தயிர்

மார்ச் 3, திங்கள்

கோயம்புத்தூரிலிருந்து இன்றும் ஒரு வண்டித் தயிர் எங்கள் பால் கம்பெனிக்கே திரும்பி வந்துவிட்டது. கப் மூடியெல்லாம் பூரி மாதிரி உப்பிக் கிடக்கிறது. ஒன்றைப் பிரித்து முகர்ந்தேன். கள் வாடை. ஈஸ்ட்தான். இதைச் சொல்ல எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் படித்திருக்க வேண்டாம், மூக்கு இருந்தால் போதும். எங்கிருந்து வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

என் கையில் இருப்பது பழைய முறை. மாதிரியைத் தட்டில் ஊற்றி மூடி வைத்தால், ஈஸ்ட் புள்ளி புள்ளியாக வளர்ந்து கண்ணுக்குத் தெரிய ஐந்து நாள் ஆகும். அதற்குள் அந்தத் தயிர் எவர் வீட்டிலோ மோராகி, குழம்பாகி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்தும் ஆகியிருக்கும். மெஷின்களைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்துப் பார்ப்பதும் திங்கட்கிழமை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பெரிய கழுவல் முடிந்த மறுநாள். சுத்தம் என்றுதான் வரும். வராமல் என்ன செய்யும்?

மீட்டிங்கில் முதலாளி நல்லசிவம் கேட்டார். "ஏனுங்க அம்சவேணி, நம்ம லேபுல வைத்தியமே பாக்கறதில்லீங்களா? செத்ததுக்கப்பறம் அறுத்துப் பாக்கறது மட்டுந்தானுங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய.

வீட்டில் மோட்டார் புகைந்துவிட்டது. குடத்தில் தண்ணீர் தூக்கி இடுப்பு கழன்றுவிட்டது. மகனுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. எழுதுவது அவன், தூக்கம் கெடுவது எனக்கு.

மார்ச் 5, புதன்

புது மெஷின் வந்திறங்கியது. மூன்று மாதமாக நான் கேட்டு, கெஞ்சி, கணக்குக் காட்டி வாங்கியது. பெங்களூரு என்ஜினியர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். சின்னச் சின்னக் குப்பிகள். உள்ளே ஈஸ்ட்டுக்குப் பிடித்த சாப்பாடும் ஒரு சாயமும் இருக்கின்றன. மாதிரியை அதில் போட்டு மெஷினுக்குள் சொருகிவிட வேண்டும். ஈஸ்ட் இருந்தால் தின்று, மூச்சு விட்டு, சாயத்தின் நிறத்தை மாற்றும். அதை மெஷின் தானே பார்த்துக்கொண்டு இருக்கும். கூட்டம் அதிகமென்றால் மறுநாள் காலையிலேயே நிறம் மாறிவிடும், குறைவென்றால் இன்னொரு நாள். எவ்வளவு சீக்கிரம் மாறுகிறதோ அவ்வளவு ஈஸ்ட்.

முதலாளி அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார். "நீங்க கேட்டீங்க, வாங்கிப்போட்டனுங். இனி நீங்கதான் பதில் சொல்லோணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நல்ல மனுஷர். இரண்டு வருடத்துக்கு முன் கர்ப்பப்பை எடுத்து நான் படுத்துக் கிடந்தபோது, என் நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை. அவர் மனைவி ஆஸ்பத்திரிக்கே ரசம் சாதம் கொண்டுவந்து கொடுத்தார். அதையெல்லாம் மறக்க முடியுமா?

மார்ச் 7, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் காலையில் முதலாளி ஒவ்வொரு மெஷினுக்கும் பூஜை போடுவார். தயிர் நிரப்பும் மெஷின்தான் விலை கூடியது, அதற்குத்தான் கடைசியில் பெரிய கும்பிடு. அதன் தலைக்கு மேலே காற்றை வடிகட்டிக் கப்புகளின் மேல் தள்ளும் விசிறிப் பெட்டி இருக்கிறது. ஏணி போட்டு ஏறி, அந்தப் பெட்டி மேல் கொஞ்சம் பூ, ஒரு பூவன் பழம், பழத்தில் குத்திய ஊதுபத்தி. கால் படாத உயரத்தில் சாமி இருக்க வேண்டுமாம்.

அந்த மெஷினை ஓட்டுவது துளசிமணி. ஆறு வருடமாகத் தினக்கூலி. இந்த மாதக் கடைசியில் நிரந்தரம் ஆக்கப் போகிறார்கள், அந்தச் சந்தோஷத்தில் இருக்கிறாள். "பர்மெனட் ஆயிட்டா புள்ளைய நர்சிங் சேத்தீருவேனுங்க்கா" என்று இன்று இரண்டு தடவை சொன்னாள். மதியம் புது மெஷினைப் பழகிப் பார்க்க எல்லா இடத்திலும் ஒற்றி எடுத்தேன். நிரப்புகிற குழாய், தரை, விசிறிப் பெட்டியின் விளிம்பு, துளசிமணியின் கை. கையை நீட்டிக்கொண்டு, "ஜோசியம் பாக்கறீங்களாக்கா?" என்றாள்.

மார்ச் 8, சனி

காலையில் திறந்து பார்த்தால் இரண்டு குப்பி நிறம் மாறியிருந்தது. ஒன்று விசிறிப் பெட்டி விளிம்பு. இன்னொன்று துளசிமணியின் கை. மற்றதெல்லாம் சுத்தம்.

மீட்டிங்கில் புரொடக்‌ஷன் மேனேஜர் சம்பத், "கையா? ஆரு கை?" என்று பிடித்துக்கொண்டார். துளசிமணி வீட்டில் இட்லி மாவு ஆட்டி விற்கிறாள், மாவு அளைகிற கையில் ஈஸ்ட் இருக்கத்தான் செய்யும் என்றேன். பேச்சுவாக்கில் சொன்னதுதான். அது கை கழுவுவதற்கு முன்னால் எடுத்தது. கழுவிக் கையுறை போட்ட பிறகு எடுத்ததில் ஒன்றுமே இல்லை. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பேச்சு டீசல் விலைக்குப் போய்விட்டது.

விசிறிப் பெட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மாலையில் சம்பத் அவளைக் கூப்பிட்டு, மாவா வேலையா என்று முடிவு செய்யச் சொன்னாராம். கேஸ் சிலிண்டர் இன்றும் வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

எல்லா இடத்திலும் மறுபடி எடுத்தேன். செவ்வாயும் எடுப்பேன். தினமும் எடுப்பேன். என்ஜினியர் போனில், "புது மெஷின் மேடம், கொஞ்சம் நாள் பாருங்க" என்றார். பார்க்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

இந்த வாரம் முழுக்க ஒரு குப்பிகூட மாறவில்லை. விசிறிப் பெட்டியும் சுத்தம். போன சனிக்கிழமை வந்தது மெஷின் கோளாறாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் தூங்கினேன்.

மார்ச் 14, வெள்ளி

பூஜைக்கு முன்னால் ஒரு தடவை எடுத்தேன். மதியம் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனபின் இன்னொரு தடவை எடுக்க நானே ஏணியில் ஏறினேன். இடுப்பு கதறியது.

பெட்டி மேல் முதலாளி காலையில் வைத்த பழம் இருந்தது. நன்றாகக் கனிந்தது. பத்தி குத்திய இடத்தில் தோல் கிழிந்து சாறு வடிந்திருந்தது. அதைச் சுற்றி பழ ஈ. எண்ணி மாளாது. சாறு வழிந்து விசிறி காற்றை இழுக்கிற வலைவரை போயிருந்தது. கீழே குனிந்து பார்த்தால் வடிகட்டியின் ரப்பர் ஓரம் ஒரு விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடக்கிறது. பழத்தில் உட்காரும் ஈ, அதன் காலில் ஒட்டிய ஈஸ்ட், வலை, பிளவு, அதற்கு நேர் கீழே திறந்த வாயோடு வரிசையாகப் போகும் தயிர்க் கப்.

ஞாயிறு கழுவலில் பழத்தை எடுத்து எறிந்துவிட்டுத் துடைத்துவிடுகிறார்கள். திங்கட்கிழமை நான் போய் ஒற்றி எடுத்துவிட்டுச் சுத்தம் என்று எழுதுகிறேன். வருடக்கணக்காக எழுதியிருக்கிறேன். அட கடவுளே!

சாப்பிட்டுத் திரும்பிய துளசிமணி கீழே நின்று, "என்னங்க்கா, மேல எதாச்சுங்களா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

மார்ச் 15, சனி

பூஜைக்கு முன் எடுத்தது அப்படியே இருக்கிறது. பின் எடுத்தது காலையில் நான் வருவதற்குள்ளேயே மாறிவிட்டது.

ஒரு தடவையை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. இன்னொரு வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டுச் சொல்வதுதான் முறை.

சம்பத் துளசிமணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "சொல்லி அனுப்பறோம், அப்ப வா" என்றாராம். அவள் லேப் வாசலில் வந்து நின்றாள். "மாவு வுட்டுப்போட்டு பத்து நாளு சும்மா இருந்தாலும் இருப்பனுங்க்கா. ஆனா என்ற கையில அழுக்குன்னு சொல்றாங்களே, அதுதானுங் தாங்கல." நகமெல்லாம் ஒட்ட வெட்டியிருந்தாள். நான் குப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் தப்பிப்போகும்.

மார்ச் 17, திங்கள்

சொல்லிவிடலாம் என்று முதலாளி அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். மோர் வரவழைத்தார். மகன் பரீட்சை எப்படி எழுதுகிறான் என்று கேட்டார். கோயம்புத்தூரில் என்ஜினியரிங் காலேஜ் நடத்துகிறவர் அவருடைய சகலையாம், "மார்க் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங், பாத்துக்கலாம்" என்றார். பின்னால் சுவரில் பழனி முருகன் படம். அதற்கும் ஒரு பழம், பத்தி.

மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

முதலாளி ஊரில் இல்லை. (மதியம் வந்துவிட்டார்.)

மார்ச் 19, புதன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடித்து வந்து தட்டில் கை வைத்தவர், சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "உனக்கென்ன பைத்தியமா? சாமிக்கு வெச்ச பழத்துலதான் தயிரு கெட்டுதுன்னு அவருகிட்டயே போய்ச் சொல்லுவியா? நாளைக்கு வேலை இருக்குமா? இவன் காலேஜு?" கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அந்தப் புள்ளைக்கும் பாவந்தான்" என்றார். பிறகு செய்தி பார்க்கப் போய்விட்டார். எனக்கு இரண்டு பேச்சும் சரியாகத்தான் பட்டது, அதுதான் எரிச்சல்.

மார்ச் 21, வெள்ளி

ஒரு யோசனை வந்தது. பூஜை முடிந்து முதலாளி கார் கிளம்பியதும் ஏணியில் ஏறிப் பழத்தை எடுத்துவிட்டேன். பூவையும் எடுத்தேன். பெட்டியை லேப் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டு ரப்பரை மாற்றச் சொன்னேன், பழசாகிவிட்டது என்று. பழத்தை வாட்ச்மேன் பசுவுக்குக் கொடுத்தார். சாமி குற்றம் வராது, பசுதானே தின்றது.

இனி வாராவாரம் இப்படியே செய்துவிட்டால் போதும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 22, சனி

எல்லாக் குப்பியும் சுத்தம். நேற்று நிரப்பிய தயிரும் சுத்தம். தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. வரும் வழியில் ரொம்ப நாளைக்கப்புறம் பூ வாங்கி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 24, திங்கள்

இன்றும் சுத்தம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு கப்பும் திரும்பவில்லை. மீட்டிங்கில் முதலாளி எழுந்து நின்று என் பேரைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"பாத்தீங்களா? அந்தப் புள்ள போன அடுத்த வாரமே சுத்தமாயிருச்சு. அம்சவேணி மட்டும் அன்னைக்கு அந்த மாவு சமாச்சாரத்தச் சொல்லலீன்னா நாமெல்லாம் இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருப்போம்."

சம்பத், "அப்ப அந்தப் புள்ளய ஒரேடியா நிறுத்திடலாமுங்களா சார்?" என்றார். முதலாளி, "பாவந்தான். ஆனா என்ன பண்றதுங்" என்றார்.

கை தட்டிக்கொண்டே இருந்தார்கள். எழுந்து நின்று கும்பிட்டேன். என்ன ஜென்மமோ நான்.

மார்ச் 25, செவ்வாய்

நான் யோசிக்கவே இல்லை. பழத்தை எடுத்தால் தயிர் தேறும், தேறினால் அவள் போனதால்தான் தேறியது என்பார்கள். ஒன்றாம் கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஒரு சமயத்தில் இரண்டு விஷயத்தை மாற்றாதே என்று எத்தனை டிரெய்னிக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

மளிகைக் கடையில் பாக்கெட் மாவு கேட்டேன். கடைக்காரர், "துளசிமணி மாவு வாங்கறதில்லீங், நிறுத்தீட்டமுங். அது கை பட்டுத்தான் உங்க பால் கம்பெனி தயிரே கெட்டுப்போச்சாமா? ஊரே பேசுது. உங்களுக்குத் தெரியாததா" என்றார். வேறு மாவு கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். யாரும் சாப்பிடவில்லை, நான் சுடவே இல்லை.

மார்ச் 26, புதன்

துளசிமணி இரண்டு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. கை ஈரமாக இருந்தது.

மார்ச் 28, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

ராத்திரி முழுக்கப் பேசிப் பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் நினைவில் இல்லை. முதலாளி பத்தியைக் கொளுத்திப் பழத்தில் குத்திக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். நான் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், பழத்த மேல வெக்க வேண்டாமுங்."

"ஏனுங்?"

ஈயைச் சொன்னேன், சாற்றைச் சொன்னேன், ரப்பரைச் சொன்னேன். துளசிமணியின் கையுறையில் ஒன்றுமே இல்லை என்பதையும் சொன்னேன். அவர் கையில் இருந்த பழத்தையே பார்த்தார். சாம்பல் அவர் வேட்டியில் விழுந்தது.

"இதுங்களா?"

"இதுதானுங் சார்."

"அப்பறம் போன வாரம் எப்படிச் சுத்தமா இருந்துது?"

"நான் எடுத்துப்போட்டனுங்."

முதலாளி ஏணியிலிருந்து காலை எடுத்தார். வேலை போச்சு என்றே நினைத்தேன். மகன் முகம் வந்து போனது.

"சாமிக்கு வெச்சதச் சொல்லாம எடுத்துப்போட்டீங்க" என்றார். "எடுத்தது பெருசில்லீங். எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லறதுக்கென்ன? நானென்ன புலியா, கடிச்சா தின்னுபோடுவேன்? சாமி ஆபீசு ரூம்லயும் இருக்காருங்க. அங்க வெச்சுட்டுப் போறன். இதுக்கா இத்தன யோசன?"

அவ்வளவுதான். பழத்தை எடுத்துக்கொண்டு நடந்தார். பத்தி பாதிகூட எரிந்திருக்கவில்லை. நான் பால் கேன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு திட்டு, ஒரு மெமோ, ஏதாவது ஒன்று. இதற்குப் பயந்தா அவளை வீட்டில் உட்கார வைத்தேன்?

கதவுகிட்டே போய்த் திரும்பினார். "அந்தப் புள்ளய நாளைக்கே கூட்டீட்டு வாங்க. வேற ஆள அனுப்பாதீங்க, நீங்களே போங்க. பர்மெனட் பண்ணீரலாம்."

மார்ச் 29, சனி

துளசிமணி வீட்டுக்குப் போனேன். கிரைண்டரைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தாள். மகள் ஒரு ஓரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துளசிமணி எழுந்து பாயை விரித்தாள். நான் சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. சம்பத் போனில் சொல்லிவிட்டாராம்.

"முதலாளிய மறிச்சு நின்னு எனக்காவப் பேசுனீங்களாமா? சம்பத் சாரே சொன்னாருங்க்கா, அம்சவேணி மேடத்துக்கு என்ன தைரியம்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஊருல ஒருத்தராச்சும் எம்பக்கம் இருக்காங்கன்னு இப்பத்தானுங் தெரிஞ்சுது. உங்களுக்குப் போன் பண்ணிப் பண்ணித் தொந்தரவு பண்ணிப்போட்டேன், கோச்சுக்காதீங்க்கா. நீங்க அதுக்குள்ள எனக்காவத்தான் ஓடீட்டு இருந்திருக்கீங்க."

காப்பி கொடுத்தாள். சர்க்கரை அதிகம். கை கழுவிவிட்டுத்தான் டம்ளரைத் தொட்டாள், நான் பார்க்கும்படி கழுவினாள். போதும் துளசி, கழுவாதே என்று சொல்ல வந்தது. சொன்னால் அழுதுவிடுவேன் என்று குடித்துக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை வந்துவிடுகிறேன் என்றாள். மாவு வாடிக்கையெல்லாம் திரும்ப வருமா தெரியவில்லை, ஐந்தாறு வீடுதான் மிச்சம், பரவாயில்லை, வேலை இருக்கிறதே என்றாள். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வாசல்வரை வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க்கா, அந்தப் புது மெஷினு ஒரே நாள்ல சொல்லீருமாமே? பழந்தான்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்?"

"வெள்ளிக்கெழம" என்றேன்.

"நேத்துத்தானுங்களா! தெரிஞ்ச ஒடனே போய்ச் சொல்லீட்டீங்க பாருங்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

பதினான்காம் தேதியும் வெள்ளிக்கிழமைதான். அவள் கை ஈரமாக இருந்தது. அவளாக விடும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.